முற்றத்துக்கு வந்த செல்போன்: வங்கதேசத்தின் வில்லேஜ் போன் திட்டம்

1990களின் நடுவில் வங்கதேசத்தில் நூறு பேருக்கு அரை போன்கூட இல்லை. இருந்தவையும் டாக்கா, சிட்டகாங் போன்ற நகரங்களில்தான் குவிந்து கிடந்தன. அரசு லைனுக்கு எழுதிக்கொடுத்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். கிராமத்தார் எழுதிக்கொடுக்கவே மாட்டார். 1993இல் செல்போன் வந்தது. ஆனால் நாட்டுக்கே ஒரு நிறுவனம்தான், விலையோ பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் கட்டுப்படியாகும் விலை. அந்த நிலையில், கடன் வாங்கி மாடும் கோழியும் வளர்த்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்களிடம் ஜிஎஸ்எம் செல்போனைக் கொடுத்து, காசு வாங்கிக்கொண்டு ஊராரைப் பேசவைக்கும் தொழிலை நடத்தச் சொன்னது ஒரு திட்டம். பெயர் வில்லேஜ் போன். 1997இல் தொடங்கிப் பத்தாண்டுக்குள் இரண்டரை லட்சம் ஆபரேட்டர்களைத் தாண்டி வளர்ந்தது. அந்த உச்சத்தில் நிற்கும்போதே உள்ளே வருமானம் வற்றத் தொடங்கிவிட்டது.

இதை வெற்றிக் கதையாக எழுதியவர்கள் உண்டு, ஏமாற்றமாக எழுதியவர்களும் உண்டு. இரு தரப்பாரும் கருவியைப் பற்றியே அதிகம் பேசினார்கள். போன் யார் வீட்டில் இருந்தது, காசுக் கணக்கு யார் கையில் இருந்தது, ஊரில் வேறு போன் இருந்ததா என்ற மூன்றையும் கேட்டுவிட்டால், பெண்ணுக்கு என்ன கிடைத்தது, எது ஏன் நழுவியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான்கு கைகள்

யோசனை இக்பால் காதிருடையது. நியூயார்க்கில் முதலீட்டுத் துறையில் வேலை பார்த்த வங்கதேசத்தவர். 1971 போர்க்காலத்தில் சிறுவனாக மருந்து வாங்க வேறு ஊருக்கு நடந்துபோனார். மருந்துக்காரர் ஊரில் இல்லை, வெறுங்கையோடு திரும்பினார். 1993இல் அலுவலகக் கணினி இணைப்பு அறுந்து வேலை முடங்கிய ஒருநாளில் அந்த அலைச்சல் நினைவுக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸிடம் அவர் வைத்த வாதம் எளிமையானது. கடனில் பசு வாங்கும் பெண் பாலை விற்றுத் தவணை கட்டுகிறாள். பசுவின் இடத்தில் செல்போன் இருந்தால் என்ன?

இதற்காக அமைந்த கிராமீன்போன் நிறுவனத்துக்குச் செல்போன் உரிமம் 1996 நவம்பரில் கிடைத்தது. சேவை 1997 மார்ச் 26, வங்கதேசத்தின் சுதந்திர நாளன்று தொடங்கியது. கிராமீன்போன் நிறுவனத்தில் நார்வேயின் டெலினாருக்கு 51 விழுக்காடு, கிராமீன் டெலிகாமுக்கு 35, ஜப்பானின் மருபேனிக்கு 9.5, காதிரின் கோனோபோனுக்கு 4.5 விழுக்காடு பங்கு. டவர்களை நாடு முழுக்க இணைக்கப் புதிதாகக் கேபிள் புதைக்க வேண்டியிருக்கவில்லை. ரயில்வே தன் சிக்னலுக்காகப் பதித்துவைத்திருந்த சுமார் 1,800 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வில்லேஜ் போன் பற்றிய பேச்சில் இந்தக் கேபிள் அதிகம் வராது. அது இல்லாவிட்டால் நகரத்தைத் தாண்டி டவர் வைப்பது அவ்வளவு சீக்கிரம் கட்டுப்படியாகியிருக்காது.

திட்டத்தில் நான்கு கைகள். கிராமீன்போன் வலையமைப்பை நடத்தியது, அது லாபத்துக்கான நிறுவனம். கிராமீன் டெலிகாம் லாப நோக்கமற்றது. பேசும் நேரத்தைக் கிராமீன்போனிடம் பாதி விலைக்கு மொத்தமாக வாங்கி, செல்போன், சிம், பழுது பார்ப்பு, பில் எல்லாவற்றையும் அதுவே கவனித்தது. கிராமீன் வங்கி கடன் கொடுத்தது, தவணையையும் பில் தொகையையும் வசூலித்தது. நான்காவது கை, போனை வாங்கி நடத்திய பெண்.

கிராமீன் வங்கியில் கடன் வாங்குவோரில் 90 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். ஐந்து ஐந்து பேராகக் குழு, பல குழுக்கள் சேர்ந்தது ஒரு கேந்திரம், வாரம் ஒருமுறை கூட்டம். நம்மூர் சுய உதவிக் குழுவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே கடன் குழுவுக்கு இல்லை, ஆளுக்குத் தனித்தனி. போனும் அப்படித்தான்: இணைப்பு, கடன், பில் மூன்றும் ஒரே பெண்ணின் பெயரில்.

யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்

முதல் தகுதி, தவணை தவறாத பழைய கணக்கு. அடுத்தது வீடு இருக்கும் இடம். ஊருக்கு நடுவில், எல்லாத் தெருவிலிருந்தும் வந்துபோக வசதியாக இருக்க வேண்டும். மளிகைக் கடை போல ஏற்கெனவே ஏதாவது தொழில் இருந்தால் நல்லது. போனுக்குப் பக்கத்தில் உட்கார நேரம் இருக்க வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் வீட்டில் பிள்ளையாவது படித்திருக்க வேண்டும். செல்போன் திரையில் வருவது ஆங்கில எண்கள். இவை எல்லாவற்றுக்கும் மேல், அந்த இடத்தில் சிக்னல் கிடைக்க வேண்டும்.

பட்டியலைப் படித்தாலே ஒன்று புரிந்துவிடும். ஊரிலேயே ஆகப் பெரிய ஏழை இதில் வரமாட்டாள். வங்கியில் பழகி, ஒரு தொழிலை நிமிர்த்திவிட்ட பெண்ணுக்குத்தான் போன் போனது. தொடக்கத்தில் ஊருக்கு ஒரு போன் என்பதால், மிக ஏழைக்குக் கொடுக்க வங்கி துணியவில்லை. ஒருத்தி விழுந்தால் அந்த ஊரின் சேவையே விழும். அது நியாயமான காரணம். ஆனால் 'பிச்சையெடுத்தவள் கையில் செல்போன்' என்ற தோரணையில் வந்த செய்திகளை இந்தப் பட்டியலோடு வைத்துப் படிக்க வேண்டும்.

சாமான்கள்

கடனில் வந்தது ஒரு செல்போன், சிம் இணைப்பு, சார்ஜர். முதல் ஆண்டுகளில் இவற்றுக்கே சில நூறு டாலர் ஆயிற்று. அன்றைய வங்கதேசத்தில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானமே அந்த அளவுதான். தவணையை வாரவாரம் கட்டித் தீர்க்க வேண்டும்.

டவருக்கு அருகில் இருந்த ஊரில் இவ்வளவே போதும். விளிம்பில் இருந்த ஊரில்தான் வேலை. சாதாரண ஜிஎஸ்எம் டவரின் எல்லை, நடுவில் தடை எதுவுமில்லாவிட்டாலும், சுமார் 35 கிலோமீட்டர். அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும் முறை அதற்கு மேல் இடம் கொடுக்காது. கையடக்க போனின் சின்ன ஆன்டெனா அவ்வளவு தூரம் எட்டாது. மூங்கில் கம்பத்தின் உச்சியில் மீன்முள் வடிவ யாகி ஆன்டெனாவைக் கட்டி, கேபிளைக் கீழே இறக்கிப் போனில் செருகினார்கள். ஆன்டெனாவின் முனை டவரைப் பார்த்து நிற்க வேண்டும். காற்றில் கம்பம் கொஞ்சம் திரும்பினாலே சிக்னல் படுத்துவிடும். கேபிள் இணைப்பில் மழைநீர் புகுந்தால் பச்சை பூத்து, போன் பழுது மாதிரியே தெரியும். இப்படிப்பட்ட ஊரில் கருவியைக் குறை சொல்வதற்கு முன் கம்பத்தையும் இணைப்பையும் பார்ப்பதே முறை.

மின்சாரம் அடுத்த தலைவலி. கம்பி வராத ஊர்களே அதிகம், வந்த ஊரிலும் மாலையில் கரண்ட் இருக்காது. கூட்டம் வருவதும் மாலையில்தான். 12 வோல்ட் கார் பேட்டரியைச் சந்தையில் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து வைப்பது ஒரு வழி. 1996இல் தொடங்கிய கிராமீன் சக்தியின் சூரியத் தகடு இன்னொரு வழி, ஆனால் அதற்குத் தனிக் கடன். பேட்டரியை முழுக்கக் காலியாகும்வரை ஓட்டினால் சீக்கிரம் தாங்கும் திறன் போய்விடும். பாதியில் ஏற்ற வேண்டுமென்றால் சந்தைக்கு இரண்டு நடை. இந்தச் செலவு எதுவும் போன் பில்லில் வராது, லாபத்திலிருந்து ஓசையில்லாமல் கழியும்.

ஒரு அழைப்பு

கிராமத்திலிருந்து வெளியே போன அழைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. சந்தை நிலவரம், டாக்டர், அரசு அலுவலகம் என்று உள்நாட்டு வேலைகள் ஒன்று. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன கணவன், மகன், தம்பியோடு பேசுவது மற்றொன்று. இரண்டாவதில் பேச்சு எப்படியும் பணத்தில் வந்து நிற்கும்: எவ்வளவு அனுப்பினார், யார் வழியாக அனுப்பினார், வந்து சேர்ந்ததா.

இதில் பெண்ணுக்கு எது மாறியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்பு கணவனின் சேதி கடிதமாகவோ, விடுப்பில் வந்தவர் வாய்வழியாகவோ வரும். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்வது மாமனாரோ கொழுந்தனோ. அனுப்பிய பணத்தின் அளவும் அவர்கள் வாயிலிருந்துதான் அவளுக்குத் தெரியும். போனில் அவள் நேரே கேட்டாள், கணவன் நேரே சொன்னான். நடுவில் இருந்தவருக்குத் தொகையைக் குறைத்துச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

நடைமுறை இதுதான். வெளிநாட்டு எண்ணை ஒரு துண்டுத்தாளில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆபரேட்டரோ அவள் பிள்ளையோ நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து அழுத்துவார்கள். பேசி முடித்ததும் திரையில் காட்டும் நேரத்தைப் பார்த்து, கட்டண அட்டையில் பெருக்கிக் காசு வாங்குவார்கள். முழு நிமிடக் கணக்கு என்பதால் 61 நொடி பேசினாலும் நிறுவனத்துக்கு இரண்டு நிமிடம். பழக்கத்துக்காக 'ஒரு நிமிஷம்தானே' என்று விட்டுக்கொடுத்தால் அந்த இரண்டாம் நிமிடம் அவள் கையிலிருந்து போகும்.

உள்ளே வரும் அழைப்பில் வேறு வேலை. துபாயிலிருந்து அழைப்பவர் பேசவேண்டியவர் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆபரேட்டர் வீட்டுப் பையன் ஓடிப்போய் அவரைக் கூட்டிவருவான். சொன்ன நேரத்துக்கு மறுபடி மணி அடிக்கும். கூட்டிவந்ததற்கு ஒரு சிறு தொகை. இந்தக் காசுக்கு நிறுவனத்துக்குப் பங்கு கிடையாது, பில்லிலும் வராது. அதனால் உள்வரும் அழைப்பு அதிகமுள்ள ஊரில் ஆபரேட்டரின் உண்மையான வருமானத்தைப் பில்லை வைத்து மட்டும் கணக்கிட முடியாது.

காசு எங்கே நின்றது

கனடா அரசின் உதவி நிறுவனத்துக்காக டெலிகாமன்ஸ் குழு 2000இல் செய்த ஆய்வு, போன் நடத்தியதில் கிடைத்த லாபம் சராசரியாகக் குடும்ப வருமானத்தில் 24 விழுக்காடு என்று கண்டது. சில வீடுகளில் 40 வரை போயிற்று. பயன்படுத்தியவர் பக்கமும் கணக்குப் போட்டார்கள். டாக்காவுக்கு ஒருமுறை போய்வரும் செலவு, அதே வேலையைப் போனில் முடிக்கும் செலவைப் போல 1.93 முதல் 8.44 மடங்கு. ஆக, ஒரே ஒரு அழைப்பு மிச்சப்படுத்தியது குடும்பத்தின் மாத வருமானத்தில் 2.64 முதல் 9.8 விழுக்காடு. போய்வருவதில் வீணாகும் ஒருநாள் கூலியைச் சேர்த்தால்தான் இந்த எண்கள் விளங்கும்.

நிறுவனத்துக்கும் இது தர்மக் கணக்கு இல்லை. நகரத்து போனில் ஒருவர் பேசுகிறார், கிராமத்து போனில் ஊரே பேசுகிறது. பாதி விலைக்கு விற்றாலும், போன் ஒன்றுக்கு வந்த வருமானத்தில் கிராமத்து போன் நகரத்து போனை மிஞ்சியது. நம்மூர் மஞ்சள் எஸ்.டி.டி. பூத் ஓடியதும் இதே கணக்கில்தான்.

பலவீனம் பில்லில் இருந்தது. திட்டம் பேசிய பிறகு கட்டும் முறையில் ஓடியது. காசு தினமும் சில்லறையாகக் கைக்கு வரும், பில் மாதம் முடிந்து மொத்தமாக வரும். நடுவில் அரிசி வாங்க, பள்ளிக் கட்டணம் கட்ட, மருந்து வாங்க அந்தச் சில்லறைதான் கைக்கு எட்டும். அதில் பாதிக்கு மேல் தன்னுடையதல்ல என்பதை ஒவ்வொரு நாளும் நினைவில் வைக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் கடன் சொல்லிப் பேசிவிட்டுப் போனால் ஏழை வீட்டுப் பெண் எப்படிக் கேட்பாள்? பில் நின்றால் இணைப்பு துண்டிக்கப்படும். இணைப்பு போனால் வருமானம் நிற்கும், ஆனால் போன் வாங்கிய கடனின் வாரத் தவணை நிற்காது. 2003இல் உகாண்டாவில் கிராமீன் பவுண்டேஷனும் எம்.டி.என். செல்போன் நிறுவனமும் சேர்ந்து இதே திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் மாற்றியது இதைத்தான்: முன்கூட்டியே காசு கட்டி நிரப்பும் அட்டை. கையிருப்பு தீர்ந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான், மாதக் கடைசி அதிர்ச்சி இல்லை.

பெண் கையிலும் ஆண் கையிலும்

அதே டெலிகாமன்ஸ் ஆய்வில் திட்டத்தின் மொத்தப் பொருளையும் சொல்லும் ஒரு ஒப்பீடு உண்டு. பெண் நடத்திய போனில் பேசவந்தவர்களில் 82 விழுக்காடு பெண்கள். ஆண் நடத்திய போனில் 6.3 விழுக்காடு. கருவி ஒன்று, கட்டணம் ஒன்று, நிறுவனமும் ஒன்று.

காரணம் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். ஆண் நடத்தும் போன் சந்தைக் கடையில் இருக்கும். பர்தா முறை வலுவாக இருந்த ஊர்களில் பெண் சந்தைக்குப் போவதே பேச்சாகிவிடும். நாலு ஆண்கள் நிற்கும் கடையில் நின்று வெளிநாட்டிலிருக்கும் கணவனிடம் வீட்டுச் சங்கதி பேசுவதை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். இன்னொரு பெண்ணின் முற்றத்துக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை. ஏதோ ஒரு சாக்கில் தினமும் போகிற இடம்தான் அது.

முற்றத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஊரில் செல்வாக்குள்ள குடும்பங்கள்கூடப் பேச வேண்டுமென்றால் கடன்காரப் பெண்ணின் வீட்டுக்கு வந்து காத்திருக்க வேண்டியிருந்தது. அவள் அவர்கள் வீட்டு வாசலில் நின்ற காலம் போய் இது. அதேசமயம் ஊரில் யார் வீட்டில் சாவு, யார் மகன் வேலை இழந்தான், யாருக்கு எவ்வளவு பணம் வந்தது எல்லாம் முதலில் அவள் காதில் விழும். அந்தரங்கம் என்று பார்த்தால் இது குறைதான். பக்கத்து அறை இல்லாத வீட்டில் பேசுபவரின் குரல் எல்லாருக்கும் கேட்கும்.

பெயர் ஒன்று, கை ஒன்று என்ற ஓட்டையும் இருந்தது. கடன் மனைவி பெயரில், போன் கணவன் கையில், கடை சந்தையில். இது எவ்வளவோ இடங்களில் நடந்தது. வங்கிப் பதிவேட்டில் பெண் ஆபரேட்டர் என்றே இருக்கும், தவணையும் ஒழுங்காக வரும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அந்த ஊர்ப் பெண்களுக்கு மட்டும் போன் இல்லாத ஊராகவே அது தொடரும். கடன் பெற்ற பெண்களின் எண்ணிக்கையை வைத்து இத்தகைய திட்டத்தை அளப்பது எங்கள் பார்வையில் பயனற்றது. அளக்க வேண்டியது ஒரு வாரத்தில் அந்த போனில் பேசிய பெண்களின் எண்ணிக்கையை. ஒரு நோட்டில் கோடு போட்டாலே போதும், அதற்கு மென்பொருள் வேண்டாம்.

வற்றிய விதம்

தொடக்கத்தில் ஊருக்கு ஒரு போன். பிறகு விரிவாக்கத்தில் ஒரே ஊரில் இரண்டு, மூன்று, அதற்கும் மேல் கொடுத்தார்கள். கடன் கொடுப்பவருக்கும் நேரம் விற்பவருக்கும் புது ஆபரேட்டர் ஒவ்வொருவரும் லாபம். பழைய ஆபரேட்டருக்கு அவள் பங்கு இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தது. இந்த முரண் திட்டத்தின் உள்ளேயே இருந்தது, மற்ற நிறுவனங்களோடு போட்டி கடுமையாவதற்கு முன்பே.

பிறகு அந்தப் போட்டியும் வந்தது. 2005இல் பங்களாலிங்க் என்ற செல்போன் நிறுவனம் களமிறங்கியதும் கட்டணப் போர் தொடங்கியது. சிம் விலை சரிந்தது, மலிவு செல்போன்கள் குவிந்தன. துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர் மனைவிக்கென்று ஒரு செல்போன் கொண்டுவந்தார். முற்றத்தில் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். சில்லறைக் கட்டணம் இறங்க இறங்க, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் இருந்த இடைவெளியும் சுருங்கியது. அவள் பிழைப்பு அந்த இடைவெளியில்தான் இருந்தது.

எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததால் சரிவு சீக்கிரம் கண்ணில் படவில்லை. ஆபரேட்டர்கள் எத்தனை பேர் என்று ஆண்டறிக்கை சொல்லும், ஆபரேட்டருக்கு மாதம் என்ன நின்றது என்று தலைப்பில் போடாது. 2005, 2006 வாக்கில் புதிதாகக் கடன் வாங்கிப் போன் எடுத்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 1998இல் எடுத்தவர் கடனை அடைத்து, நிலமோ கடையோ வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து முடித்திருந்தார். அதே திட்டம், அதே கடன், எட்டு ஆண்டு இடைவெளியில் நேரெதிர் விளைவு. ஆகவே 'வில்லேஜ் போன் பெண்ணை உயர்த்தியதா' என்ற கேள்விக்கு எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

ஊராரின் பக்கம் பார்த்தால் சரிவு நல்ல செய்திதான். தன் போன் இருந்தால் யார் முற்றத்திலும் காத்திருக்க வேண்டாம், யார் காதும் கேட்காமல் பேசலாம். ஆனால் தன் போன் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வரவில்லை. வீட்டுக்கு முதல் செல்போன் வந்தால் அது ஆணின் சட்டைப்பையில் இருக்கும். அவர் வயலுக்கோ சந்தைக்கோ போனால் போனும் போய்விடும். ஊர்ப் பொதுப் போன் மூடியதற்கும் அவளுக்கென்று ஒன்று வந்ததற்கும் நடுவில் சில ஆண்டுகள், முன்பு தாராளமாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பேச வழியே குறைந்தது. செல்போன் வைத்திருப்பதில் ஆண், பெண் இடைவெளி இன்றும் வங்கதேசத்தில் மறையவில்லை.

அடுத்த கருவி

2011இல் காதிரின் தம்பி கமால் காதிர் தொடங்கிய பிகாஷ், செல்போன் வழியே பணம் அனுப்பும் சேவை. நகரத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் கிராமத்துத் தாய்க்குப் பணம் அனுப்ப இதைவிடச் சுலபமான வழி அதற்குமுன் இல்லை. ஆனால் வில்லேஜ் போன் பயன்படுத்திய கடன்காரப் பெண்களின் வலைப்பின்னலை இது பயன்படுத்தவில்லை. பணம் போடவும் எடுக்கவும் முகவர்கள் சந்தைக் கடைக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். கையில் ரொக்கம் அதிகம் புரள வேண்டிய தொழில் என்பதால் முகவருக்கு முதலீடு வேண்டும், கடையும் வேண்டும். ஊர் நடுவில் வீடு, தவணை தவறாத கணக்கு என்ற பழைய தகுதிகளுக்கு இங்கே வேலையில்லை.

தனக்கென்று கணக்குத் திறக்காமல், கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்து அவர் கணக்கிலிருந்தே அனுப்பிவிடும் வழக்கம் முதல் ஆண்டுகளில் பரவலாக இருந்தது. அப்படி அனுப்பினால் உறுதிச் செய்தி கடைக்காரரின் போனுக்கு வரும். எண் ஒரு இலக்கம் மாறிப்போய்ப் பணம் வேறு யாருக்கோ சேர்ந்தால், நிறுவனத்தின் பதிவில் அனுப்பியவர் கடைக்காரர்தான். புகார் கொடுக்கும் உரிமையும் அவருக்குத்தான், பணம் கொடுத்த பெண்ணின் பெயர் அந்தப் பதிவில் எங்கும் இருக்காது.